ரிப்பேர் கடைக்காரன்கிட்ட கேளுங்க: கஸ்டமர் சொல்ற லாஜிக்கெல்லாம்

மதுரைல சின்ன ரிப்பேர் கடை நம்மளது. டிவி, மிக்ஸி, ஃபேன், ஃப்ரிட்ஜ், ஏசின்னு வீட்டுக்குள்ள கரண்ட்ல ஓடுற எதக் கொண்டாந்தாலும் பாப்போம், தூக்கிட்டு வர முடியாதத வீட்டுக்கே போய் பாப்போம். கஸ்டமருங்க சொல்ற லாஜிக் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நெறைய பேர் கேட்டுருக்கீங்க, ஒவ்வொண்ணா வரேன்.

பேச்சிலர் ரூம்: அண்ணே, கடைல அடிக்கடி கேக்குற டயலாக் எது?

"ஒண்ணுமே பண்ணலண்ணே, நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு, தானா நின்னுருச்சு." இத அடிச்சுக்க ஆளே இல்ல. ஒருத்தர் மிக்ஸி கொண்டாந்தாரு, வெளிய பளபளன்னு தொடச்சு வச்சிருக்காரு. கவுத்துப் போட்டு அடிமூடியக் கழட்டுனா உள்ள இருந்து குப்புன்னு தேங்கா வாசம், மோட்டார் காயில் மேல பொட்டுக்கடலை காஞ்சு ஒட்டிக் கெடக்கு. "உள்ள ஏதும் தண்ணி போச்சாண்ணே"ன்னு கேட்டேன். "சேச்சே, நாங்க இதுல சட்னியே அரைக்கிறதில்லங்க"ன்னாரு. நான் சட்னின்னு வாயவே தொறக்கலையே!

மிக்ஸிக்கு அடியில ஒரு சின்ன செவப்பு பட்டன் இருக்கும்ல, அது ஓவர்லோட் பட்டன். லோடு ஜாஸ்தியானா படக்குன்னு வெளிய வந்து கரண்ட கட் பண்ணிரும், மோட்டார் கருகாம இருக்கத்தான் அத வச்சிருக்காய்ங்க. கொஞ்ச நேரம் ஆறவிட்டு அமுக்குனா ஓடும். கடைக்கு வர மிக்ஸில பாதி இந்தக் கேஸுதான். ஒரு அம்மாவுக்கு அத அமுக்கிக் குடுத்துட்டு காசெல்லாம் வேணாம்மான்னு சொன்னேன். அவங்களுக்கு சந்தேகம் வந்துருச்சு. காசு வாங்கலன்னா சரியாப் பாக்கலன்னுதானே அர்த்தம்னு நேரா பக்கத்துத் தெருக் கடைக்குக் கொண்டுபோயி நூத்தம்பது ரூபா குடுத்து சர்வீஸ் பண்ணிட்டுப் போயிட்டாங்க. இப்பல்லாம் பட்டன் அமுக்குனா முப்பது ரூபா வாங்கிர்றேன், ரெண்டு பேருக்கும் நிம்மதி.

சேலம் அக்கா: எங்க வீட்ல டிவி படம் ஆடுனா அப்பா டிவி மண்டைல ரெண்டு தட்டு தட்டுவார், சரியாயிரும். இது நெசமாவே வேலை செய்யுமா, இல்ல தற்செயலா?

நெசமாவே வேலை செஞ்சுச்சுக்கா, உங்கப்பா சொன்னா நம்புங்க. பழைய டியூப் டிவில எல்ஓடின்னு ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், செம சூடாகும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அதோட கால்ல வச்ச ஈயம் வளையமா வெடிப்பு விட்டுரும், இத டிரை சால்டர்னு சொல்வோம். தட்டுனா அந்த வெடிப்பு ஒண்ணு சேந்து படம் வந்துரும், அடுத்த வாரம் மறுபடி ஆடும், அப்பா மறுபடி தட்டுவார். நாங்க கடைல என்ன பண்ணுவோம், போர்டக் கழட்டி அந்தக் கால்ல புதுசா ஈயம் வச்சு விடுவோம், அம்புட்டுதான். 2006ல அரசாங்கம் குடுக்க ஆரம்பிச்ச 14 இன்ச் இலவச கலர் டிவிங்க இருக்குல்ல, அதுல இந்த வேலை எக்கச்சக்கமா பாத்துருக்கோம்.

பிரச்சினை என்னன்னா டிவி மாறிருச்சு, கை மாறல. 43 இன்ச் எல்இடி டிவிய ஒரு பெரியவர் அதே பாசத்தோட பொறத்தால ரெண்டு தட்டுனாரு, பேனல்ல குறுக்க ஒரு கோடு. "லேசாத்தான் தட்டுனேன், பழைய டிவி இதவிடப் பலமா வாங்கும்"ங்கிறாரு. அவர் சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்ல, ஆனா பேனல் போனது போனதுதான்.

கோயம்புத்தூர் மாப்ள: பேனல் ஒடைஞ்சா கஸ்டமர் என்ன சொல்வாங்க? வெலையக் கேட்டதும் மயக்கம் போடுவாங்களே?

மயக்கத்துக்கு முன்னாடி ஒரு ஸ்டேஜ் இருக்கு, பேரம். "கண்ணாடிதானேங்க, ஃபோட்டோவுக்கு ஃப்ரேம் போடுற கடைல அளவு குடுத்து வெட்டி ஒட்டிரலாமா?"ன்னு கேப்பாய்ங்க. சிரிக்காதீங்க, இத ஒருத்தர் ரெண்டு பேர் கேக்கல. பேனலுங்கிறது கண்ணாடிக்கு நடுவுல லிக்விட் கிரிஸ்டல், ஓரத்துல முடி மாதிரி ஒட்டுன கனெக்ஷன்னு எல்லாம் சேந்த ஒரே சாமான். டிவி வெலைல பெரும்பங்கு அதுக்குத்தான் போகுது, அதான் பேனல் மாத்துறதுக்குப் புது டிவியே வாங்கிரலாம்னு நாங்களே சொல்லிருவோம்.

இன்னொரு வகை, சத்தம் வரும் படம் வராது. "பாதி டிவி நல்லாத்தானே இருக்கு, அப்ப ரிப்பேர் காசும் பாதிதானே?" இதுக்கு எனக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் வரமாட்டேங்குது. ஆனா இந்தக் கேஸு பேனல் அளவுக்கு மோசமில்ல. ரூம இருட்டாக்கிட்டு டார்ச்ச சாய்வா ஸ்கிரீன்ல அடிச்சுப் பாருங்க, உள்ள படம் மங்கலா ஓடுறது தெரிஞ்சா, ஸ்கிரீனுக்குப் பின்னாடி வெளிச்சம் குடுக்குற பேக்லைட்தான் போயிருக்கு. பின்னாடி எல்இடி ஸ்ட்ரிப்ப சீரியல்ல கோத்துருப்பாய்ங்க, ஒரு பல்பு அவுட்டானா மொத்த வரிசையும் அணைஞ்சிரும். ஸ்ட்ரிப் மாத்துனா டிவி பொழச்சிரும். பிரைட்னஸ நூறுல வச்சே பாக்குறவங்களுக்கு இது சீக்கிரம் வரும், கொறச்சு வைங்க.

பேர் வேண்டாம்: ஏசி பத்தி ஏதாவது சொல்லுங்களேன், எங்க மாமனார் ஒன்றரை டன் ஏசி மாட்டுனா செவுரு தாங்குமான்னு கேட்டார் 😄

மாமனார் சரியாத்தான் கேட்டுருக்காரு, டன்னுன்னா எடைதானே? அந்தக் காலத்துல ஐஸ் கட்டிய வச்சுக் குளுமை பண்ணாய்ங்க, ஒரு டன் ஐஸ் இருபத்திநாலு மணி நேரத்துல உருகுறதுக்கு எவ்வளவு சூட்ட இழுக்குமோ அதுதான் ஒரு டன் ஏசி. மணிக்கு 12,000 பிடியு (சூட்ட அளக்குற அளவு)ன்னு கணக்கு. ஏசியோட எடைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, செவுத்துக்கு நான் கேரண்டின்னு சொல்லிருங்க.

ஏசில எனக்குப் புடிச்சது இன்வெர்டர் ஏசி. கரண்ட் போனதும் ஃபோன் வரும், "இன்வெர்டர் ஏசின்னு சொல்லித்தான் கடைல குடுத்தாய்ங்க, இப்ப கரண்ட் இல்ல, இதுவும் ஓடல, ஏமாத்திட்டாய்ங்க." கம்ப்ரஸர் வேகத்தக் கூட்டிக் கொறைக்கிற சர்க்யூட்டுக்கு இன்வெர்டர்னு பேரு வச்சுட்டாய்ங்க, வீட்ல பேட்டரியோட இருக்குற பொட்டிக்கும் அதே பேரு, மனுஷன் என்ன பண்ணுவான். ஒருத்தர் எட்டாயிரம் ஜாஸ்தி குடுத்து அதுக்காகவே வாங்கிருக்காரு, அவர்கிட்ட இத சொல்ற ஆளு நாந்தான், என் தலையெழுத்து.

16ல வச்சா சீக்கிரம் குளுந்துரும்னு ஒரு நம்பிக்கை, அதுவும் தப்பு. 16ல வச்சாலும் 24ல வச்சாலும் சூடான ரூமுக்கு ஏசி ஆரம்பத்துல முழு மூச்சாத்தான் ஓடும், எங்க நிக்கணும்ங்கிறது மட்டும்தான் அந்த நம்பர். 2020 ஜனவரி 1ல இருந்து புது ஏசியெல்லாம் ஆன் பண்ணும்போதே 24லதான் இருக்கணும்னு கவர்மெண்ட் ரூல் போட்டுருக்கு, அதயும் நம்மாளுங்க "ஏசி பழுதாயிருச்சு, தானா 24க்குப் போகுது"ன்னு கம்ப்ளைண்ட் குடுத்துருக்காய்ங்க.

திண்டுக்கல் டீச்சர்: ஏசிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் வருஷா வருஷம் கேஸ் ஃபில் பண்ணணுமா? எங்களுக்கு வர ஆள் அப்படித்தான் சொல்றார்.

வேணாம் டீச்சர். அடுப்பு சிலிண்டர் தீந்து போறதப் பாத்து வந்த லாஜிக் இது. அடுப்புல கேஸ் எரியுது, அதனால தீருது. ஏசில அது குழாய்க்குள்ளயே சுத்திச் சுத்தி வரும், தீரவே தீராது, கொறஞ்சா எங்கயோ ஓட்டை. ஓட்டைய அடைக்காம கேஸ் மட்டும் அடிச்சுட்டுப் போற ஆளு அடுத்த வருஷமும் வருவான், அதான் அவனுக்கு வேணும். "எங்க லீக்கு, அடைச்சியா, பிரஷர் நிக்குதா"ன்னு கேளுங்க, முழிச்சா வேற ஆளப் பாருங்க. கஸ்டமர் லாஜிக்க வச்சு நாம சிரிக்கிறோம், அதே லாஜிக்க வச்சு எங்க லைன்லயே சில பேரு வீடு கட்டுறாய்ங்க.

கும்பகோணம் குசும்பன்: பண்டிகை டைம்ல ஸ்பெஷலா ஏதும் வருமா?

அட, இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாள் காலைல பாருங்க, "டிவி ரிமோட் வேலை செய்யல"ன்னு வரிசையா ஃபோன். புது செல்லு போட்டாச்சு, கையில உருட்டியாச்சு, பல்லால கடிச்சும் பாத்தாச்சு. போய்ப் பாத்தா டிவிக்குக் கீழ ஃப்ரேம்ல நட்ட நடுவுல அழகா சந்தனம் வச்சு அதுமேல குங்குமம் வச்சிருக்காங்க. ரிமோட் வெளிச்சத்த வாங்குற சென்சார் சரியா அந்த எடத்துலதான் இருக்கு! ஈரத்துணியால தொடச்சா முடிஞ்சது வேலை. ஆனா தொடைக்கக் கூடாது, பூஜை போட்டது, வெள்ளிக்கிழமை வேறன்னு ஒரு பாட்டி என் கையப் புடிச்சுட்டாங்க. அப்புறம் பேசி, பொட்ட ரெண்டு இன்ச் தள்ளி வச்சுக்கலாம்னு ஒப்பந்தம் போட்டு, அவங்களே தொடச்சு அவங்களே தள்ளி வச்சாங்க.

அதே நாள்ல மிக்ஸிய, கிரைண்டர பைப்புக்கு அடியில வச்சுக் குளிப்பாட்டுறதும் நடக்கும். எப்படியும் அடுத்த வாரத்துக்கு எனக்கு வேலை இருக்கு, சரஸ்வதி கடாட்சம்.

இன்னொண்ணு, பூஜையில்ல, சகுனம். ஏசி அவுட்டோர் யூனிட் போர்டுல பல்லி பூந்து ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல மாட்டி கருகிரும், அதுவும் போயிரும் போர்டும் போயிரும். ஒரு வீட்ல எடுத்துக் காட்டுனேன், அந்த அம்மா போர்டப் பத்தி கேக்கவே இல்ல, "பல்லி எந்தப் பக்கம் விழுந்துருக்கு தம்பி, வலதா இடதா"ன்னு பலன் கேக்குறாங்க. போர்டு மாத்தணும்மா, அதான் பலன்.

ஹவுஸ் ஓனர்: எல்லாம் சரி, கஸ்டமர கிண்டல் பண்றது மட்டும் ஈஸி. எங்களுக்கு யாரு சொல்லித் தர்றா?

கரெக்டுதாண்ணே, கோச்சுக்காதீங்க. நான் கவனிச்ச வரைக்கும் கஸ்டமர் சொல்ற லாஜிக் முக்காவாசி முந்தின மெஷினுக்கு சரியானதுதான். பழைய டியூப் டிவி காலத்துல சாயங்காலம் ஆனா வோல்டேஜ் எறங்கி டிவி படம் நாலு பக்கமும் சுருங்கும், அப்ப ஸ்டெபிலைசர் இல்லாம முடியாது. இன்னைக்கு வர எல்இடி டிவி பின்னாடி ஸ்டிக்கரப் பாருங்க, 100 – 240 வோல்ட்னு போட்டுருக்கும், அதுவே சமாளிச்சுக்கும். ஆனா பழக்கத்துல ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டுறோம். ஃபேன கொறச்சு வச்சாலும் கரண்ட் பெருசா மிச்சமாகாதுன்னு தாத்தா சொல்வாருல்ல, அந்தப் பொட்டி ரெகுலேட்டர் காலத்துல அது சரி, மிச்சத்த அது சூடா விட்டுரும், கை வச்சுப் பாத்தா சுடும். இப்ப இருக்குற எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்ல கொறச்சு வச்சா நெசமாவே மிச்சமாகும். இண்டக்ஷன் ஸ்டவ்வும் அப்படித்தான், எந்த அடுப்புல வச்சாலும் கொதிச்ச அலுமினியக் குக்கர் இதுல கொதிக்கலன்னா யாரா இருந்தாலும் ஸ்டவ்வு பழுதுன்னுதான் சொல்வாங்க. காந்தத்த குக்கர் அடியில வச்சுப் பாருங்க, ஒட்டுனா வேலை செய்யும், ஒட்டலன்னா செய்யாது. இத விக்கும்போதே கடைல சொல்லியிருக்கணும், சொல்றதில்ல.

நைட் ஷிஃப்ட்: ஃபேன் ஸ்லோவா ஓடுது, கப்பாசிட்டர் பெருசா போட்டா வேகமா ஓடுமா?

இந்தா வந்துட்டாரு 😂 இதுவும் தினம் வர லாஜிக்தான். சீலிங் ஃபேன் மோட்டார் சுத்த உதவுற சின்ன சாமான்தான் கப்பாசிட்டர், பொதுவா 2.5 மைக்ரோஃபாரட் அளவுல வரும், நாளாக நாளாக அதோட வேல்யூ எறங்கி ஃபேன் ஆடி அசைஞ்சு சுத்தும். அதே வேல்யூ புதுசு போட்டா பழைய வேகம் வந்துரும். "ரெண்டரைல இவ்வளவு ஓடுதுன்னா நாலு போட்டா பறக்குமே"ன்னு வாங்கி மாட்டுனா காயில் சூடாகி ஒரு கோடைல கருகிரும். எம்புட்டு இருந்துச்சோ அம்புட்டே போடுங்க.

வேலூர்: கூலிக்கு சண்டை வருமா?

வராம? கப்பாசிட்டர் ஆன்லைன்ல அம்பது ரூபான்னு ஃபோனக் காட்டுவாய்ங்க. சரிண்ணே வாங்கி நீங்களே மாட்டிருங்கன்னா ஏணி இல்லம்பாய்ங்க. அப்ப மிச்சக் காசு ஏணிக்குன்னு வச்சுக்கங்க. அடுத்த கேள்வி.

காரைக்குடி மருமக: எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் என் கல்யாணத்துக்கு அப்பா சீர் குடுத்தது, வீட்டுக்காரர் தூக்கிப் போடச் சொல்றார், நான் விட மாட்டேங்குறேன். நான் பண்றதும் காமெடி லாஜிக்கா?

சீர் ஃப்ரிட்ஜுக்கு லாஜிக் பேசுற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லம்மா. ஒரு அக்கா வீட்ல கம்ப்ரஸர் மாத்துனேன், அப்புறம் தெர்மோஸ்டாட், அப்புறம் கதவு ஓரத்து ரப்பர் கேஸ்கெட்டு, அப்புறம் உள்ள இருக்குற தட்டெல்லாம். வீட்டுக்காரர் கணக்குப் போட்டுப் பாத்துட்டு "இதுல உங்கப்பா குடுத்தது என்னடி மிச்சம் இருக்கு"ன்னு கேட்டாரு, "கதவு இருக்குல்ல"ன்னுச்சு அந்த அக்கா. அதுக்கப்புறம் அவர் பேசல. உங்களுக்கு நான் சொல்றது இதுதான்: ஓடாம நின்னு டக் டக்னு மட்டும் சத்தம் வந்தா ஒடனே கம்ப்ரஸர்னு பயந்துராதீங்க, பக்கத்துல அத ஸ்டார்ட் பண்ணி விடுற ரிலேவ மொதல்ல பாக்கச் சொல்லுங்க, பல நேரம் சில நூறு ரூபாயோட முடிஞ்சிரும். கம்ப்ரஸரே போயிருந்தா வீட்டுக்காரர் இல்லாத நேரமா ஆளக் கூப்பிடுங்க.

திருச்சி: இடி இடிக்கும்போது பிளக்க புடுங்கி வச்சும் டிவி போயிருச்சு, அது எப்படி?

"பிளக்கே இல்ல, அப்புறம் எப்படி கரண்ட் வரும், உங்க வேலைல தப்பு"ன்னு என்கிட்ட சண்டைக்கு வந்தவங்க உண்டு. பிளக்க புடுங்குனீங்க, டிஷ்ல இருந்து வர கேபிள விட்டுட்டீங்க. மொட்டை மாடில வானத்தப் பாத்து நிக்கிற தட்டுல இருந்து வயரு நேரா செட்டாப் பாக்ஸ், அங்க இருந்து எச்டிஎம்ஐ வழியா டிவிக்குள்ள வந்துரும். அதனாலதான் பல நேரம் அந்த எச்டிஎம்ஐ போர்டு மட்டும் செத்துருக்கும். நெட்டு மோடத்துக்கு செம்பு லேன் வயரு வெளிய இருந்து வந்தா அதுவும் இதே கதைதான். ஐப்பசி மாசம் மழை கூடுனா பிளக்கு, டிஷ் கேபிளு, லேன் வயரு மூணையும் கழட்டிப் போடுங்க, இடி தலைக்கு மேல வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, அந்த நேரத்துல வயரத் தொடுறதே ஆபத்து.