'கிராக்' யாருடைய சொல்?

அன்புள்ள ஐயா,

வேலைக்காக கிளாஸ்கோ வந்து குடியேறியவன் நான். ஆங்கிலம் தெரியும் என்ற தைரியத்தில் வந்தேன். மருத்துவமனை வார்டில் கால் வைத்ததுமே அது ஆட்டம் கண்டது. சின்னதாக எது இருந்தாலும் 'வீ' என்கிறார்கள். குழந்தை 'பேர்ன்', மூடிக்கிடக்கும் மந்தமான நாள் 'ட்ரீக்'. கூட வேலை செய்யும் அயர்லாந்துக்காரர், அரட்டையும் கொண்டாட்டமுமான பொழுதைச் சொல்லும் 'கிராக்' பழைய ஐரிஷ் சொல் என்று அடித்துச் சொல்கிறார். இவையெல்லாம் கேலிக் சொற்களா, இல்லை கொச்சையாகிப்போன ஆங்கிலமா? இணையப் பட்டியல்கள் ஆளுக்கொன்று சொல்கின்றன. கூடவே ஒரு சந்தேகம்: மென்சீஸ் என்று எழுதும் குடும்பப்பெயரை ஏன் மிங்கிஸ் என்று சொல்கிறார்கள்?

— ஒரு வாசகர், கிளாஸ்கோ

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே இல்லை. ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் தவிர இரண்டு மொழிகள் உண்டு. ஒன்று கேலிக், அயர்லாந்திலிருந்து கடல் தாண்டி வந்த கெல்டிக் மொழி. இன்னொன்று ஸ்காட்ஸ். பழைய ஆங்கிலத்தின் வட பகுதிக் கிளையிலிருந்து வளர்ந்தது, இன்றைய ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பு. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் எடின்பரோவில் சட்டம் எழுதப்பட்டது இந்த மொழியில்தான். 1603-இல் ஸ்காட்லாந்து அரசர் இங்கிலாந்துக்கும் அரசராகி லண்டன் போனார். அப்புறம்தான் ஸ்காட்ஸின் மதிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. அதைக் கொச்சை ஆங்கிலம் என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

நீங்கள் கேட்ட 'பேர்ன்', 'வீ', 'ட்ரீக்' மூன்றும் ஸ்காட்ஸ். 'பேர்ன்' பழைய ஆங்கிலத்தில் இருந்தது. நார்வே, ஸ்வீடன்காரர்கள் இன்றும் குழந்தையை 'பார்ன்' என்கிறார்கள். 'வீ' எடையைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்தது: கொஞ்சம் எடை, கொஞ்சம் அளவு, பிறகு சின்னது. 'ட்ரீக்' முன்பு நீண்டு இழுத்துச் சலிப்பூட்டுவதைச் சொன்னது. கிளாஸ்கோவின் நவம்பருக்கு அது எப்படிப் பொருந்தியது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

'கிராக்' விஷயம்தான் சுவாரசியமானது. அதன் வேர், வெடித்து ஒலிப்பதைச் சொல்லும் பழைய ஆங்கில வினை. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் அது பேச்சு, அரட்டை என்று ஆனது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1780-களில் எழுதிய கவிதையொன்றில், மகளைப் பார்க்க வந்த இளைஞனிடம் குடியானவத் தகப்பன் குதிரை, ஏர், மாடு பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அந்தப் பேச்சுக்கு பர்ன்ஸ் போட்ட வினை 'கிராக்'. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக் குடியானவர்கள் அயர்லாந்தின் வட பகுதியான அல்ஸ்டரில் பெருமளவில் குடியேற்றப்பட்டார்கள். சொல்லும் அவர்கள் வழியாகத்தான் அந்தப் பக்கம் வேர்பிடித்தது. ஐரிஷ் மொழி அதை எடுத்துக்கொண்டு தன் எழுத்துமுறையில் எழுதியது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த ஐரிஷ் எழுத்துக்கோவையே ஆங்கிலத்துக்குள் திரும்பி வந்து மதுவிடுதிப் பலகைகளில் ஏறியது. அயர்லாந்துச் சொல்லறிஞர்களே இந்த மாற்றத்தை எதிர்த்து எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் உங்கள் நண்பரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பாட்டும் சிரிப்புமாகக் கழியும் பொழுது என்ற பொருள் கனிந்தது அவர்கள் மண்ணில்தான்.

சரி, கேலிக், ஐரிஷ் கொடுத்த சொற்கள்? 'விஸ்கி' அப்படி வந்தது, 'உயிர்நீர்' என்று பொருள்படும் கேலிக் தொடரில் நீரைக் குறிக்கும் முதல் பாதி. 'ஸ்லோகன்' படையின் போர்க்கூவல். 'கிளான்' இவற்றைவிட ஆழமாகப் போகிறது. கேலிக்கில் அதற்குப் பிள்ளைகள், வம்சம் என்று பொருள். அதற்கும் பின்னால் இருப்பது லத்தீன். பழைய ஐரிஷுக்கு முந்தைய நிலையில் 'ப' ஒலி கிடையாது. ஆரம்பத்தில் வந்து சேர்ந்த லத்தீன் சொற்களில் அந்த இடத்தில் 'க' போட்டுக்கொண்டார்கள். ஈஸ்டரைக் குறிக்கும் 'பாஸ்கா' அங்கே 'காஷ்க்' ஆனது. தளிர், நாற்று என்று பொருள்படும் 'பிளாண்டா' 'கிளான்' ஆனது. ஒரே முறைப்படி இரண்டும் மாறியிருக்கின்றன. இதுதான் சான்று. காதில் ஒரே மாதிரி விழுகிறது என்பது சான்றாகாது; உலகத்துச் சொல் எல்லாம் தமிழிலிருந்து வந்தது என்று நம்மில் சிலர் நிறுவுவதும் இந்தக் காதை மட்டும் நம்பித்தான். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

எதை நம்புவது என்றால், அகராதியில் ஒரு சொல்லுக்கு மிகப் பழைய மேற்கோள் எந்த ஊரில், எந்த ஆண்டில் கிடைக்கிறது என்று பாருங்கள். ஜான் ஜேமிசன் என்ற பாதிரியார் 1808-இல் ஸ்காட்ஸ் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டார். பின்னாளில், 1931 தொடங்கி 1976 வரை, ஸ்காட்டிஷ் தேசிய அகராதி பத்துத் தொகுதிகளாக வந்தது. அது இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 'ட்ரீக்' பக்கத்தைத் திறந்து மேற்கோள்களை வரிசையாகப் படியுங்கள், பொருள் நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

மென்சீஸுக்கு வருகிறேன். பழைய ஸ்காட்ஸில் 'யோக்' என்றொரு எழுத்து இருந்தது. 'ய' போன்ற ஒலிக்கு அதை எழுதினார்கள். கையெழுத்தில் அது வால் வைத்த 'இசட்' போலவே இருக்கும். அச்சு வந்தபோது அச்சகங்களில் அந்த எழுத்துக்கு அச்சு இல்லை, 'இசட்' கோத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் வாய் மட்டும் மாறவில்லை. டால்சியல் என்று எழுதிவிட்டு டியெல் என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.