கிரேட் டேன் நாய்: முடியும் தோலும் பற்றி வாசகர் கேள்விகள்

முடி இவ்வளவு குட்டையாக இருந்தும் வீடெல்லாம் உதிர்கிறது. மொத்தமாக மழித்துவிடலாமா?

வேண்டாம். மழித்தாலும் உதிர்வது நிற்காது. குத்துகிற சின்னத் துணுக்குகளாக விழும், வெயிலும் நேராகத் தோலில் படும். டேனுக்கு ஆண்டு முழுக்க முடி கொட்டும், பருவம் மாறும்போது கூடும். வாரம் இரண்டு முறை ரப்பர் பிரஷ்ஷால் வட்டவட்டமாகத் தேய்த்து, முடி படிந்த திசையில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். மேல்முடிக்குக் கீழே அடர்ந்திருக்கும் அடிமுடியை வாரும் இரும்புச் சீப்பை வாங்காதீர்கள். இந்த இனத்துக்கு அடிமுடி இல்லை, சீப்பின் பல் தோலைத்தான் கீறும்.

தேய்க்கும்போது இன்னொரு கையால் உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். கட்டி, உண்ணி, சொறி எல்லாம் முதலில் கையில்தான் தட்டுப்படும். பிரஷ் போடுவதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டி, அரிப்பும் இல்லாமல் இருந்தால் தைராய்டு குறைவாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

வாரம் தவறாமல் எங்கள் ஷாம்பூவிலேயே குளிப்பாட்டுகிறோம். பொடுகு வருகிறதே?

வாராவாரம் என்பதையும் விடுங்கள், அந்த ஷாம்பூவையும் விடுங்கள். நம் ஷாம்பூ அமிலத்தன்மை கொண்ட நம் தோலுக்காகச் செய்தது. நாயின் தோல் நடுநிலைக்கு நெருக்கமானது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, வெதுவெதுப்பான நீர், நாய்களுக்கான ஷாம்பூ, அப்புறம் நன்றாக அலசல். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நுரை தங்கினால் அரிக்கும். அதற்குப் பிறகும் பொடுகு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முழங்கையில் முடி போய், தோல் யானைத்தோல் மாதிரி தடித்துவிட்டது. என்ன மருந்து?

முதல் மருந்து மெத்தைதான். வளர்ந்த ஆண் டேன் 60 கிலோவுக்கு மேல் இருக்கும். கடினமான தரையில் அது படுக்கும்போது அந்தப் பாரம் சதைப்பற்றில்லாத முழங்கை எலும்பில் இறங்குகிறது; தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. அதை உரிக்கவோ தேய்த்து எடுக்கவோ வேண்டாம். நீங்கள் முட்டி போட்டு அழுத்தினாலும் தரை தட்டாத அளவுக்குக் கனமான படுக்கை போடுங்கள். தோல் வறண்டு வெடிக்காமல் இருக்க ஈரப்பதம் தரும் களிம்பு உதவும், ஆனால் எந்தக் களிம்பும் மெத்தையின் வேலையைச் செய்யாது. முழங்கையில் நீர் கோத்த மாதிரி மெத்தென்ற வீக்கம் வந்தால், தயவுசெய்து ஊசியால் குத்தி எடுக்காதீர்கள். கிருமி புகுந்தால் ஆறுவது பெரும்பாடு. வெடிப்பு, சீழ், ரத்தம் எதைப் பார்த்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

எட்டு மாதக் குட்டிக்குத் தாடையில் பருக்கள்.

குட்டைமுடி இனங்களில் இந்த வயதில் சகஜம். பிதுக்காதீர்கள், முடிவேர் உள்ளேயே உடைந்து புண் பெரிதாகும். பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்துவிட்டு எவர்சில்வர் வையுங்கள், சாப்பிட்டதும் எச்சிலைத் துடைத்துவிடுங்கள். வீங்கினாலோ வலித்தாலோ மருந்து தேவைப்படும்.

வெள்ளை உடம்பில் கருந்திட்டுள்ள டேன். வெயில் சுடுமா?

சுடும். மூக்கு, காது நுனி, வயிறு ஆகிய இடங்களைக் கவனியுங்கள். உச்சிவெயிலில் வெளியே விடாதீர்கள். சன்ஸ்கிரீன் பூசுவதானால் நாய்களுக்கானதையே பூசுங்கள். துத்தநாக ஆக்சைடு கலந்ததை நக்கி விழுங்கினால் நஞ்சு.

கறுப்பு நகம், வெட்டப் பயமாக இருக்கிறது.

மெல்லிய சீவலாக வெட்டிக்கொண்டே வாருங்கள். நகத்தில் வெட்டிய பரப்பின் நடுவில் ஈரமான கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ரத்தநாளம். பட்டுவிட்டால் சோளமாவை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். குட்டியாக இருந்தால் இன்றிலிருந்தே தினமும் பாதத்தைத் தொட்டுப் பழக்குங்கள். வளர்ந்த பிறகு அது மறுத்தால் இரண்டு பேர் சேர்ந்தாலும் பிடிக்க முடியாது.