பாட்டி இறங்கட்டும், வண்டி நிற்கட்டும்

கேள்வி: கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு நாள் நவக்கிரக டூர் போனோம். சக பயணிகள் படுத்திய பாடு சொல்லி மாளாது. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, ஒருவர் விடியற்காலையிலிருந்தே போனில் சத்தமாக வீடியோ, இன்னொருவருக்கு ஒவ்வொரு கோயில் வாசலிலும் கடை பார்த்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பாட்டி. பாத்ரூம் போகணும் என்று மணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தச் சொன்னார். அவரால் ஆலங்குடியும் திங்களூரும் பார்க்க முடியாமலேயே திரும்பிவிட்டோம். நல்ல சக பயணிகள் அமைய என்ன வழி? (ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

பதில்: மற்றவர்களைப் பிறகு பார்க்கலாம், முதலில் பாட்டியை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான்.

மணிக்கு ஒரு தரம் என்கிறீர்கள். நாள் முழுக்க எட்டுத் தடவை நிறுத்தினார், தடவைக்கு ஏழு நிமிஷம் போனது என்றே வைத்துக்கொள்வோம். கூட்டிப் பாருங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் நண்பகல் பூஜை முடிந்து நடை சாத்தினால் நம் பக்கத்துக் கோயில்களில் பெரும்பாலும் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பகலில் மூணு நாலு மணி நேரம் அங்கேயே போய்விடுகிறது. வைத்தீஸ்வரன்கோயில், அங்கிருந்து கிழக்கே திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், தெற்கே இறங்கித் திருநள்ளாறு, பிறகு மேற்கே திரும்பித் திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், அதற்கப்புறம் தெற்கே ஆலங்குடி, கடைசியில் திருவையாற்றுக்குப் பக்கத்தில் திங்களூர், அங்கிருந்து கடலூருக்குத் திரும்ப வேண்டும். எப்படிப் பார்த்தாலும் முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. நடுவில் சாப்பாடு. திருநள்ளாற்றில் நள தீர்த்தத்தில் குளிப்பவர்கள் குளித்து, உடை மாற்றி, ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டு வந்து ஏற வேண்டும். சனிக்கிழமையாக இருந்தால் அங்கே வரிசையைக் கேட்கவே வேண்டாம். இத்தனையையும் ஒரே பகலுக்குள் அடைத்து நோட்டீஸ் அடித்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கொண்டுபோய், வெட்கத்தை விட்டு 'தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா' என்று கெஞ்சிய கிழவியின் தலையில் போட்டிருக்கிறீர்கள். கும்பகோணத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கே ஒரு நாளில் ஒன்பது என்பது ஓட்டமும் நடையும்தான். கடலூர்க்காரர்களுக்கு இது இரண்டு நாள் வேலை, இரவு கும்பகோணத்தில் தங்க வேண்டும். அதைச் சொன்னால் தலைக்கு அறை வாடகை ஏறும், ஆள் சேராது என்று பயப்படுகிறார்கள்.

அந்தப் பாட்டியின் உடம்பைப் பற்றி யாராவது ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? ரத்தக் கொதிப்புக்கும் கால் வீக்கத்துக்கும் டாக்டர்கள் எழுதித் தரும் மாத்திரைகளில் நீர் மாத்திரை என்று ஒன்று உண்டு. உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுவதுதான் அதன் வேலை. காலையில் போட்டுக்கொண்டால் அடுத்த சில மணி நேரம் அடிக்கடி போய்த்தான் ஆக வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் அப்படித்தான். நாலைந்து பிள்ளை பெற்ற உடம்பில் சிறுநீர்ப்பையைத் தாங்கும் தசை தளர்ந்திருக்கும், இருமினாலே கசியும், ஸ்பீடு பிரேக்கரில் வண்டி தூக்கிப் போட்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்த அம்மாவை உட்கார வைத்திருந்தது எங்கே? கடைசி வரிசையில் என்றால் கொடுமை. அந்த சீட் பின் சக்கரத்தையும் தாண்டி வெளியே நீண்டிருக்கும் பகுதியில் இருக்கிறது, முன்னால் இருப்பவர் லேசாக அசையும் பள்ளத்தில் பின்னால் இருப்பவர் எகிறி விழுவார்.

இன்னொன்று சொல்கிறேன். நிறுத்தச் சொன்ன பாட்டியைத்தான் நீங்கள் பார்த்தீர்கள், சொல்லாதவர்களைப் பார்க்கவில்லை. அடுத்த முறை ஏதாவது டூர் பஸ்ஸில் ஏறினால் பெண்கள் பக்கம் கவனியுங்கள். மடியில் தண்ணீர் பாட்டில் இருக்கும், மதியம் வரை அதில் கால்வாசிகூட இறங்கியிருக்காது. மூடியைத் திறந்து, ஒரு வாய் விட்டு, உதட்டை நனைத்துக்கொண்டு, கொப்பளிக்கிற மாதிரி வாய்க்குள்ளேயே வைத்திருந்து விழுங்கிவிட்டு மூடியைத் திருகிவிடுவார்கள். மோட்டலில் காபி வேண்டாம் என்பார்கள். காரணம் காபி பிடிக்காததல்ல. சிலர் அன்றைக்கு மாத்திரையையே போடாமல் வந்திருப்பார்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு ஒரு பகல் முழுக்க இருந்தால் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வராமல் என்ன செய்யும்? கோயில் போய் வந்த புண்ணியத்தோடு ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக். இதை நம் வீட்டுப் பெண்கள் நம்மிடம்கூடச் சொல்வதில்லை. வாய் திறந்து கேட்ட ஒரே ஆள் உங்கள் பஸ்ஸில் அந்தப் பாட்டிதான், அவர் கேட்டதால் இறங்கிப் போய்வந்த மற்ற பெண்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், ஓட்டுநர். ஒரே மூச்சில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்று 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது (2025-ல் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது). ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்பதும் அதில் இருந்தது. உங்கள் ஒன்பது கோயில் நோட்டீசை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே ஓட்டுநரை வைத்து அது எப்படி முடியும்? வண்டி நின்றதால் நஷ்டம் என்று நினைப்பவர்கள், நிற்காத வண்டி ராத்திரி பதினொரு மணிக்கு எங்கே போய் நிற்கும் என்பதையும் நினைக்க வேண்டும். சேத்தியாத்தோப்பு ரோட்டில் தூக்கக் கலக்கத்தோடு ஓட்டப்படும் டூர் பஸ்ஸைவிட, எட்டுத் தடவை நின்று வந்த பஸ்ஸில்தான் என் வீட்டு ஆட்களை ஏற்றுவேன்.

சரி, ஜன்னல் சீட். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இதில் என் கட்சி தெரியும். துண்டு போட்டு இடம் பிடிப்பதை ஒழிக்க வேண்டும் என்று நான் எழுதப் போய், டூர் நடத்துகிற ஒருவர் கோபித்துக்கொண்டு விளம்பரத்தை நிறுத்தியே விட்டார், போகட்டும். நான் ஒரு தடவை போன டூரில், நாலரை மணிக்குக் கிளம்பும் வண்டிக்கு நாலு மணிக்கே ஒரு பையன் வந்து ஆறு சீட்டில் ஆறு பொருளை வைத்துவிட்டுப் போகிறான்: கைக்குட்டை, பிளாஸ்க், தலையணை, விசிறி, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒற்றைச் செருப்பு. ஒற்றைச் செருப்பு வைத்த சீட்டுக்காரர் கடைசி வரை வரவேயில்லை, அவருக்கு முதல் நாளே காய்ச்சலாம். செருப்பு மட்டும் ஜன்னலோரமாக திருநள்ளாறு வரை காற்று வாங்கிக்கொண்டு வந்தது, பக்கத்திலேயே ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி எட்டி எட்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். 'அது யாரோ போட்டு வச்ச இடம் தம்பி' என்று அவருக்கு அவ்வளவு மரியாதை! நானே செருப்பைத் தூக்கி மேலே பெர்த்தில் போட்டுவிட்டு அவரை உட்கார வைத்தேன். இதற்கு வழி ரொம்ப எளிது. பணம் வாங்கும்போதே சீட் நம்பர் கொடுங்கள், சாப்பாட்டு வேளைக்குப் பிறகு முன்னால் இருந்தவர்கள் பின்னாலும் பின்னால் இருந்தவர்கள் முன்னாலும் மாறி உட்காரட்டும், வயதானவர்களும் முதுகுவலிக்காரர்களும் மட்டும் நாள் முழுக்க நடு வரிசையை விட்டு நகர வேண்டாம்.

போனில் வீடியோ போட்டவருக்காக வாதாட என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. இயர்போன் மாட்டச் சொல்லுங்கள், மாட்டாவிட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். தப்பில்லை. ஆனால் கடை பார்த்தவரைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை வெளியூர் போகிற பெண், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பையும் நாத்தனாருக்குக் குங்குமச் சிமிழும் வாங்காமல் எப்படி ஊர் திரும்புவாள்? சொந்தக் கார் இருக்கிறவர்கள் இந்த டூருக்கு வருவதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர், கணவரை இழந்தவர்கள், தனியாக டிக்கெட் எடுத்துப் போய்ப் பழக்கமில்லாதவர்கள், இவர்களுக்குக் கோயில் குளம் பார்க்க இருக்கும் ஒரே வாகனம் இந்த டூர் பஸ்தான். எல்லோருக்கும் பொதுவாகப் பத்து நிமிஷம் கடைக்கென்று நேரம் ஒதுக்கிவிட்டால் அதோடு தகராறும் தீர்ந்தது.

நீங்கள் பார்க்காமல் வந்ததாக எழுதியிருக்கும் திங்களூருக்கு வருகிறேன். அதைச் சந்திரன் தலம் என்று மட்டும் டூர்க்காரர்கள் மைக்கில் சொல்வார்கள். அது அப்பூதியடிகள் ஊர், ஐயா. திருநாவுக்கரசரை நேரில் பார்த்ததேயில்லை அவர், கேள்விப்பட்டதோடு சரி. அந்தப் பக்தியில் வழியெல்லாம் நாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப்பந்தல் வைத்தார், சோலை வைத்தார், குளம் வெட்டினார், பெற்ற பிள்ளைகளுக்கும் அதே பெயரை வைத்தார். ஒரு நாள் அந்த வழியே வந்த அப்பரே, யார் வைத்த பந்தல் இது என்று கேட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனார். வழிப்போக்கர் தாகத்தைத் தீர்த்த ஒருவரை அறுபத்து மூவரில் வைத்துக் கும்பிடுகிறவர்கள் நாம். அந்த அப்பர் யார்? பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்தவர், கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது மிதந்து வந்து கரையேறியது உங்கள் திருப்பாதிரிப்புலியூரில் என்பதுதான் வரலாறு. கரையேறவிட்ட குப்பம் என்று இன்றைக்கும் இடம் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் பெண்கள் தண்ணீர் குடிக்கப் பயந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே அடுத்த தடவை முன்பணம் கொடுக்கும் முன் டூர் நடத்துகிறவரிடம் இதைக் கேளுங்கள். எத்தனை கோயில் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறீர்களே, எங்கெங்கே கழிப்பறைக்கு நிறுத்துவீர்கள் என்று ஏன் போடவில்லை? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், அதுவும் தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்கும் இடத்தில், பெண்களுக்குத் தனியாக. பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களே வைத்திருக்கும் விதி. பூட்டியிருந்தால் சாவியைக் கேட்டு வாங்குவது டூர்க்காரர் வேலை, பாட்டியின் வேலை இல்லை. சரியான பதில் வராவிட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

விட்டுப்போன இரண்டு ஊருக்கும் இன்னொரு டூர் தேவையில்லை. ஒரு வேலை நாளில் கும்பகோணம் போய் இறங்கினால் நீடாமங்கலம் பஸ் ஆலங்குடியில் நிற்கும், திருவையாற்றுப் பக்கம் போகிற பஸ்ஸில் திங்களூருக்குப் போகலாம். அந்தப் பாட்டியின் போன் நம்பர் டூர்க்காரரிடம் இருக்கும். அவரும் அந்த இரண்டையும் பார்க்கவில்லை, வருகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.