வெடித்த பலாமர மேசைக்கு

புனலூரில் வாங்கிய பலாப் பலகை, செங்கோட்டை வீட்டுக்கு மேசையாக வந்த இரண்டே மாதத்தில் நடுவில் வெடித்துவிட்டது. ஆசாரி மரம் சரியாகக் காயாத பச்சை என்கிறார், மரக்கடைக்காரர் ஆசாரியைக் கைகாட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இருவர் மீதும் கொஞ்சம் தவறு இருக்கலாம். ஆனால் படத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் உறுத்துவது பலகையைச் சட்டத்தோடு அசையாமல் பிணைத்திருக்கும் அந்தப் பத்துத் திருகுகள்தான், போதாக்குறைக்குச் சட்டத்தில் பசையும்!

மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில் ஈரத்துக்கு விரியும், வறட்சிக்குச் சுருங்கும். மலைக்கு அந்தப் பக்கம், புனலூர் ஈரத்தில் இருந்த மூன்றடிப் பலகை இங்கே பங்குனி வெயிலில் சுருங்கப் பார்த்தது. நீங்கள் விடவில்லை, அது வெடித்தது.

திருகுகளைக் கழற்றுங்கள், பசையை மெல்லிய உளியால் பிரியுங்கள். நடுத்துளையை மட்டும் விட்டுவிட்டு, சட்டத்தின் மற்றத் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீளத்துளையாக்கி, வாஷர் வைத்து அளவாக முடுக்குங்கள். வெடிப்பில் மக்கு அடைக்க வேண்டாம்; இரண்டு வாரம் சும்மா கிடக்கட்டும். தானே நெருங்கினால் பசையிட்டு இறுக்குங்கள். இல்லையென்றால் அதே பலாவில் ஒரு மெல்லிய சிம்பு சீவி வெடிப்பில் இறக்குங்கள். முதலில் பளீர் மஞ்சளாகத் துருத்தித் தெரியும். வெளிச்சம் பட்டுப் பட்டு மற்றதோடு சேர்ந்துவிடும். சாயம் பூசிக் கெடுத்துவிடாதீர்கள்.

பாலிஷ் அடிப்பக்கத்துக்கும் வேண்டும். மேலே மட்டும் பூசினால் பலகை வளையும். ஆளி விதை எண்ணெய் பூசுவதானால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.