பத்தாம் வகுப்புக்குப் பிறகு கணிதமும் அறிவியலும்: கேள்வி பதில்

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பயிலும் மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கும் முதுகலை ஆசிரியர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (ஒரு தாயார், திண்டுக்கல்): என் மகள் மருத்துவம் படிக்க விரும்புகிறாள். கணிதம் என்றாலே அஞ்சுகிறாள். அவளைக் கணிதம் இல்லாத தூய அறிவியல் பிரிவில் சேர்த்துவிடலாமா?

பதில்: சேர்க்கலாம் அம்மா, இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகிய நான்கையும் படித்தவர்கள் நீட் தேர்வு எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் கணிதத்துக்கு அஞ்சி அந்தப் பிரிவை எடுப்பதை நான் ஏற்க மாட்டேன். நீட் தேர்வின் 180 வினாக்களில் இயற்பியலுக்கு 45, வேதியியலுக்கு 45. அவற்றில் கணிசமானவை கணிப்பான் இல்லாமல், தாளின் ஓரத்தில் கையால் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகள். அடுக்குகளைக் கூட்டிக் கழிப்பதும், மடக்கை மதிப்புகளைக் கையாள்வதும் வராத மாணவி, கணிதப் பாடவேளையிலிருந்து தப்பினாலும் கணக்கிலிருந்து தப்ப முடியாது. மேலும், இடையில் அவள் மனம் மாறினால் பொறியியல் படிப்புகளுக்கான வழி அடைபட்டிருக்கும். அவளால் பத்தாம் வகுப்புக் கணிதத்தை ஓரளவுக்குச் சமாளிக்க முடிந்தது என்றால், கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவே நல்லது. கணிதத்துக்குச் செலவாகும் நேரத்தை உயிரியலுக்குக் கொடுக்க வேண்டும் என்று தெளிவாக முடிவெடுத்துவிட்டவர்களுக்குத் தூய அறிவியல் பிரிவு பொருந்தும்.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்): பொறியியல் கட்-ஆஃப் மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுவது ஐயா?

பதில்: கணித மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களில் பாதியைக் கூட்டுங்கள், மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 84 என்றால் கட்-ஆஃப் 178. கணிதத்தில் இழக்கும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் இழக்கும் இரண்டுக்குச் சமம்.

கேள்வி (பதினொன்றாம் வகுப்பு மாணவர், விழுப்புரம்): இயற்பியலில் இரண்டாம் பாடத்திலேயே வகைக்கெழு வந்துவிட்டது. கணித வகுப்பில் இன்னும் அதைத் தொடவே இல்லை. எனக்கு மட்டும்தான் புரியவில்லையோ என்று தோன்றுகிறது.

பதில்: உங்களுக்கு மட்டுமன்று தம்பி, பாடநூல்களின் வரிசையே அப்படித்தான் அமைந்திருக்கிறது. இயற்பியலின் இரண்டாம் அலகு வெக்டர்களையும் வகைக்கெழுவையும் தொகையீட்டையும் எதிர்பார்க்கிறது. கணிதத்திலோ இம்மூன்றும் இரண்டாம் தொகுதியில்தான் உள்ளன. ஆகவே இயற்பியலுக்குத் தொடக்கத்திலேயே தேவைப்படுவது, கணித வகுப்பில் ஆண்டின் பிற்பாதியில்தான் வந்து சேர்கிறது. இயற்பியல் நூலிலேயே இதற்கு ஒரு சிறிய அறிமுகம் உண்டு என்றாலும், அதை ஒரே பாடவேளையில் ஓட்டிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தச் சில பக்கங்களுக்கு ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும்.

வகைக்கெழு என்ன செய்கிறது என்பதை எண்களைக் கொண்டே பாருங்கள். உயரத்திலிருந்து விழும் ஒரு கல், விழத் தொடங்கியதிலிருந்து கடக்கும் தொலைவு, நேரத்தின் இருமடியைப் போல 5 மடங்கு மீட்டர் என்று கொள்வோம். 2 வினாடியில் அது 20 மீட்டர் கடந்திருக்கும், 2.1 வினாடியில் 22.05 மீட்டர். இடைப்பட்ட 0.1 வினாடியில் சராசரி வேகம் வினாடிக்கு 20.5 மீட்டர். இடைவெளியை 0.01 வினாடியாகக் குறைத்தால் 20.05, 0.001 வினாடியாகக் குறைத்தால் 20.005. இடைவெளி சுருங்கச் சுருங்க விடை 20ஐ நெருங்குவது தெரிகிறதல்லவா? அந்த 20தான் சரியாக 2ஆம் வினாடியில் கல்லின் வேகம். இவ்வளவு பாடுபடாமல் அதே விடையை ஒரே வரியில் பெறும் வழிதான் வகையிடல். இதை ஒரு முறை உங்கள் கையாலேயே போட்டுப் பார்த்த பிறகு, அடுக்கு, சைன், கொசைன், அடுக்குக்குறிச் சார்பு, மடக்கை ஆகிய ஐந்தின் வகைக்கெழுக்களை மட்டும் எழுதி மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இயக்கவியல் பாடத்தைத் தாண்ட அதுவே போதும். எல்லை, தொடர்ச்சி முதலியவற்றின் நிறுவல்களைக் கணித ஆசிரியர் நடத்தும்போது படித்துக்கொள்ளலாம்.

கேள்வி (ஒரு மாணவி, தென்காசி): தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் எனக்கு எப்போதும் 10.8க்கு மேல்தான் வருகிறது. நூல் நீளத்தைச் சரியாகத்தான் அளக்கிறேன்.

பதில்: நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்கிறீர்கள் என்றால், பிழை பெரும்பாலும் எண்ணுவதில் இருக்கும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும்போதே ‘ஒன்று’ என்று தொடங்குபவர், ‘இருபது’ என்று முடிக்கும்போது ஊசல் 19 அலைவுகளையே முடித்திருக்கும். ஒரு மீட்டர் ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ 2.007 வினாடி, 19 அலைவுகளுக்கான நேரத்தை 20ஆல் வகுத்தால் 1.907 என்றாகிவிடும். சமன்பாட்டில் அலைவு நேரம் இருமடியாக வருவதால், அந்தச் சிறு பிழை பெரிதாகி 10.86 என்ற விடையைத் தருகிறது. ‘சுழி’ என்று சொல்லிக் கடிகாரத்தை அழுத்துங்கள். விடையைப் பார்த்துவிட்டு 9.8க்கு ஏற்ப அட்டவணையைத் திருத்துவது பல ஆய்வகங்களில் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஏனென்றால் இப்படிப் பிழையைத் தேடிப் பிடிப்பதற்காகத்தான் செய்முறை வகுப்பே இருக்கிறது.

கேள்வி (ஒரு தந்தை): பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகன் கணிதத்தில் தேர்ச்சி பெறுவதே கடினம் போலிருக்கிறது. எங்கிருந்து தொடங்கச் சொல்லலாம்?

பதில்: செய்முறை வடிவியலிலிருந்தும் வரைபடத்திலிருந்தும் தொடங்கச் சொல்லுங்கள். வினாத்தாளில் இவ்விரண்டுக்கும் எட்டு எட்டாகப் பதினாறு மதிப்பெண்கள். தேர்ச்சிக்குத் தேவை 35. வடிவொத்த முக்கோணங்கள், உச்சிக்கோணம் தரப்பட்ட முக்கோணங்கள், வட்டத்தின் தொடுகோடுகள் என்று வடிவியலில் வகைகள் குறைவு. கை பழகிவிட்டால் மறக்காது. வரைபடத்தில் அளவுத்திட்டத்தை எழுதாமல் விடுவதும், பரவளையத்தின் புள்ளிகளை அளவுகோலால் இணைப்பதும் மதிப்பெண் போகும் இடங்கள். வளைகோட்டைக் கையால்தான் வரைய வேண்டும்.

கேள்வி (ஒரு மாணவரின் அண்ணன், திருவாரூர்): ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த என் தம்பியை, நீட் தேர்வுக்காகத் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. இப்போது வெளியேறினால் உங்கள் தம்பி அந்தத் தகுதியை இழந்துவிடுவார். நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், ஆங்கில வினாவும் உடன் அச்சாகியிருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பதால், ஒவ்வொரு பாடத்தை முடிக்கும்போதும் அதிலுள்ள கலைச்சொற்களை இரு மொழியிலும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் சொல்லுங்கள்.