'கிடுக்கிப்பிடி விசாரணை' என்று செய்திகளில் வருகிறதே, சரியான பொருள் என்ன? குறுக்கு விசாரணையும் இதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. கிடுக்கி என்பது குறடு போல இரண்டு தாடை உள்ள கருவி. நடுவில் மாட்டியது எந்தப் பக்கமும் நழுவாது. அந்தப் பிடிதான் கிடுக்கிப்பிடி. (கிடுக்குப்பிடி என்றும் எழுதுகிறார்கள், எனக்குக் கிடுக்கிதான் பிடிக்கும்.)

விசாரணையிலும் அந்த இரண்டு தாடை இருக்க வேண்டும். மேசையைத் தட்டி அதட்டுவது வெறும் மிரட்டல்.

"அன்னைக்கு ராத்திரி அங்க போனியா?"
"இல்ல சார்."
"அப்போ உன் செல்போன் எப்படி அங்க போச்சு?"
"ஃபிரெண்டுகிட்ட கொடுத்திருந்தேன்."
"பத்து நிமிஷம் கழிச்சு அதே போன்ல உன் வீட்டுக்காரம்மாகிட்ட பேசினது யாரு?"

இதுதான் கிடுக்கிப்பிடி. 'துருவித் துருவி' கேட்பது ஆழம் பார்ப்பது. இது வழியை அடைப்பது.

குறுக்கு விசாரணை நீதிமன்றச் சொல். ஒரு தரப்புச் சாட்சியை எதிர்த்தரப்பு கேள்வி கேட்பது. சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு. கிடுக்கிப்பிடிக்கு அப்படி எதுவும் கிடையாது. அது நிருபர்கள் வளர்த்த பிள்ளை. சில வருடம் ஒரு பத்திரிகையில் மெய்ப்பு பார்த்தேன். அரை மணி நேரம் பேசி, டீ கொடுத்து அனுப்பியதும் 'கிடுக்கிப்பிடி' என்றே வரும். நானும் ஒற்றுப்பிழை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவேன்.

உறுத்திய வாக்கியம் வேறு: 'கிடுக்கிப்பிடி விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.' படிப்பவருக்கு வழக்கே முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் இந்தியாவில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1872 சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 23ஆம் பிரிவு. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பேச்சு மட்டும் செல்லும்.

சட்டத்துக்கு இந்தச் சந்தேகம் சும்மா வரவில்லை. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த குழுவின் 1855 அறிக்கையில் 'கிட்டி' என்ற கருவி வருகிறது. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரல்களை வைத்து நெரிப்பது. வரி வசூலிக்கவும் இதையே போட்டார்கள். கிட்டி வேறு சொல், கிடுக்கி வேறு சொல்; ஆனால் வேலை ஒன்றுதான்.

வீட்டுக்கு லேட்டாகப் போய் 'கிடுக்கிப்பிடியில் மாட்டினேன்' என்று சிரிக்கலாம், தாராளமாக. செய்தியாக எழுதினால் மட்டும், 'ஒப்புக்கொண்டதாகப் போலீசார் தெரிவித்தனர்' என்று எழுதுங்கள்.