போலீஸ் ஜீப் மோதினால் கேஸ் போட முடியாதா? உதகை வக்கீல் பதில்கள்

கோத்தகிரியிலிருந்து: சார், ரோந்து ஜீப் மோதி அப்பாவுக்குக் கால் முறிஞ்சு போச்சு. "டியூட்டி வண்டி, கேஸ் நிக்காது"ன்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா?

இல்லவே இல்லை தம்பி. இந்தப் பேச்சை நம்பியே எத்தனையோ குடும்பங்கள் சும்மா இருந்துவிடுகின்றன. எனக்கு அதுதான் ஆறாத வருத்தம். கலெக்டருக்கான அரசு ஜீப் மோதி ஒருவர் இறந்த வழக்கில், அரசே இழப்பீடு தர வேண்டும் என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது (ராஜஸ்தான் அரசு – வித்யாவதி). அரசுத் தரப்பு, போலீஸ் அதிகாரத்தைப் பயன்படுத்தும்போது நடந்த தவறுக்கு அரசு பொறுப்பல்ல என்ற 1965-ஆம் ஆண்டு கஸ்தூரிலால் தீர்ப்பை நீட்டலாம். அது போலீஸ் பறிமுதல் செய்த தங்கம் காணாமல் போன வழக்கு. சாலை விபத்து அல்ல.

மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் மனுப் போடுங்கள். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. பிளாஸ்டர் பிரிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

குன்னூர்: அரசு வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையாமே, பணம் யார் தருவா?

அரசு வேலைக்கு ஓடும் அரசு வண்டிக்கு 146-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. விலக்கு பாலிசி எடுப்பதற்குத்தான், பணம் கொடுப்பதற்கு அல்ல. அரசே கட்ட வேண்டும்.

கூடலூர்: சைரன் போட்டு வந்தா எப்படியும் ஓட்டலாமா?

அவசர வேலையாக வந்தால் முன்னுரிமை உண்டு, சிக்னலைக்கூடத் தாண்டலாம். ஆனால் 2017 ஓட்டுநர் விதிகள் உரிய கவனத்தோடு என்றுதான் சொல்கின்றன. கல்லட்டி மாதிரி கொண்டை ஊசி வளைவில், பனிமூட்டத்தில், அந்தக் கவனம் இரண்டு மடங்கு வேண்டும்.

வண்டியின் லாக் புக்கைக் கோர்ட் வழியாக வரவழையுங்கள். ஒரு வழக்கில் "அவசர அழைப்பு" என்று வாதாடினார்கள். அந்தப் பக்கத்தைப் புரட்டினேன்: கிலோமீட்டர், நேரம், பக்கத்தில் நீல மையில் "டீசல் நிரப்ப". அத்தோடு அந்த வாதம் விழுந்தது.

மஞ்சூர்: ஓட்டின போலீஸ்காரர் மேல கிரிமினல் கேஸுக்கு அரசு அனுமதி வேணுமா?

அரசு மட்டுமே பதவி நீக்கக்கூடிய அதிகாரிகளுக்குத்தான் பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 218-ஆம் பிரிவின் முன் அனுமதிப் பாதுகாப்பு. ஓட்டுநர் காவலர் பொதுவாக அதில் வரமாட்டார். இழப்பீட்டு மனுவுக்கு அந்த அனுமதியே தேவையில்லை.

பெயர் வேண்டாம் என்ற ஒரு சகோதரி: என் வீட்டுக்காரர் போலீஸ் டிரைவர். இழப்பீட்டை அவர் சம்பளத்துல பிடிப்பாங்களா?

அம்மா, முதலில் அரசுதான் கட்டும். துறை விசாரணையில் தவறு உறுதியானால் அவரிடம் வசூலிக்க முயலலாம். விளக்கம் கேட்காமல் பிடித்தால் எதிர்க்கலாம். பிரேக் சரியில்லை என்று அவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தால், அதன் நகலை இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள்.